ரெஜினாக்காவிடம் ஒரே ஒருமுறை சொன்ன சொல்

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு பெலிக்ஸ் அழைத்தார். "சார், ரெஜினா செத்துட்டா. குளிச்சிட்டு வந்து கட்டில்ல உக்காந்தா. தலகூடத் துவட்டல" என்றார். என் மேசையில் நாட்காட்டி கிடந்தது. வரப்போகும் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி நானே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். மனைவியைப் பறிகொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மனிதரிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, "ஞாயித்துக்கிழமைக்கு எல்லாம் ரெடியா இருந்துச்சே" என்பதுதான். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நம் பணிமனை மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அமைதியான உள்ளம், அதிர்ந்து பேசாதவர் என்றெல்லாம் வந்தால் நன்றாக இருக்கும் என்று யோசனையும் சொன்னார்கள். ரெஜினாக்காவோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவர் அதிர்ந்து பேசினால் மூன்று ஷெட் தள்ளி நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். பொய் எழுத என்னால் ஆகாது. ஒரு பக்கத்துக்குள் அடங்கவும் இல்லை. எனக்கு அவர்மேல் கோபம். செத்துப்போனவர்மேல் கோபப்படக் கூடாது என்று என் மனைவி சொல்கிறாள். அதற்காகக் கோபம் போய்விடுமா?

முதலில் இரங்கல் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவோடு மூன்று மாதம்கூட வேலை பார்த்திராத ஓர் அதிகாரி எழுந்து, "ஓய்வு நேரத்தில் பொம்மை விமானம் செய்து குழந்தைபோல விளையாடிக்கொண்டிருந்தவர்" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அடுத்து பேசியவர், அந்த வயதில் வயல்வெளியில் அலைந்திருக்க வேண்டாம் என்று பரிவோடு சொன்னார். அக்கா இருபத்தெட்டு வருடம் பம்ப் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றியதை ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் பாதி வீடுகளின் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது அவர் கையால்தான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நாற்காலி கவிழ்ந்தது. நான் துக்கம் தாங்காமல் போனதாகப் பிறகு பேசிக்கொண்டார்களாம். துக்கமில்லை, அங்கேயே இருந்தால் யாரையாவது ஏதாவது சொல்லியிருப்பேன்.

அது விளையாட்டு இல்லை என்று அந்த அதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது? ஒருநாள் மதியம், சுற்றி முடித்த மோட்டார் ஒன்றைத் தரையில் உருட்டிவிட்டு அக்கா சொன்னார்: "நான் கம்பி சுத்துன மோட்டாரெல்லாம் தரைல உக்காந்து தண்ணி இறைக்குது சார். அது போதும். ரிட்டயர் ஆவுறதுக்குள்ள ஒண்ணாவது மேல போவணும்." நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் என் மேசைக்கு வந்து, "நீங்க மனு எழுதுறதுல பெரிய ஆளாம்லா. ஒண்ணு எழுதித் தாங்க" என்றார். நான் பணிமனையில் தலைமை எழுத்தர். மனு எழுதுவது ஒன்றுதான் எனக்கு உருப்படியாக வரும். இந்தத் தீவில் ரிமோட்டில் பறக்கும் எதையும் நினைத்தபோது மேலே அனுப்பிவிட முடியாது. ஐந்து மாதம், ஏழு கடிதம் ஆயிற்று. கடைசியில் சௌல்தாரியில் ஒரே ஒரு வயலில், அறுவடைக்குப் பின், மாதக் கடைசிவரை, ஞாயிறு காலைகளில் மட்டும் என்று அனுமதி வந்தது. வயல் நம் பணிமனையின் பழைய டிரைவருடையது.

விமானத்தை டாலிகஞ்சில் அவர் வீட்டுப் பின்கட்டில் செய்தார். பெலிக்ஸ் மீன் வியாபாரி. ஐஸ் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும் இடம் அது. உடைந்த பெட்டிகளின் தெர்மாகோல் மூடிகளை அறுத்து, தேய்த்து, டேப் ஒட்டி இறக்கை செய்தார். எத்தனை முறை கழுவியும் விமானத்தில் சூரை மீன் வாசம் போகவில்லை. தெருப் பூனைகள் அதைச் சுற்றியே வரும். வாங்கிய மோட்டார் முதல் சோதனையிலேயே புகைந்துபோனது. கட்டைவிரல் பருமன்கூட இல்லாத அந்த மோட்டாரைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தானே கம்பி சுற்றினார். "இப்பத்தாம்ல இது என் மோட்டாரு" என்று அதனிடமே சொன்னார். வால் பக்கம் கனத்தபோது பெலிக்ஸின் பழைய வலையிலிருந்து ஈயக் குண்டுகளை அறுத்து மூக்கில் வைத்தார். இரண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பிடித்து, மூக்கு மயிரிழை தாழும்வரை விடவில்லை. ஒரு குண்டைப் பாதியாக வெட்டி, அந்தப் பாதியையும் அரத்தில் தேய்த்தவர் அவர்.

என் விரலில் இருக்கும் தழும்பைப் பற்றிச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கதவிடுக்கில் மாட்டியது என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். உதவுவதாக நினைத்து, அவர் உள்ளே போயிருந்த நேரம் பேட்டரி வயரை நான் மாட்டினேன். முன்னால் இருக்கும் காற்றாடி சரக்கென்று சுற்றிவிட்டது. அதை அக்கா பங்கா என்றுதான் சொல்வார். ரத்தம் சொட்டச் சொட்ட நின்ற என்னை அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "அரே, பங்காவக் கழத்தாம பேட்டரி மாட்டுனது யாரு? ரிமோட்ட ஆன் பண்ணாம மாட்டுனது யாரு? மூஞ்சிய வச்சிட்டு நின்னிருந்தா என்ன செய்வீய?" துணி கட்டிவிட்ட கையோடு ஒரு நீல அட்டை நோட்டை எடுத்தார். "வீட்டுக்குள்ள பங்கா கழத்தியே இருக்கணும்" என்று முதல் வரி எழுதினார். அடுத்தது, "முதல்ல ரிமோட்டு, அப்புறம் பேட்டரி". இப்படி வளர்ந்து வளர்ந்து இருபத்திரண்டு வரி ஆனது. அத்தனையும் தரையிலிருந்து கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை.

அதோடு ஒரு சட்டமும் போட்டார். ஒருவர் வரியைப் படிக்க வேண்டும், மற்றவர் செய்துவிட்டு "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். படிப்பது நான், செய்வது அவர். எந்த வரியிலாவது படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் "நில்லுங்க" என்று சொல்லலாம். சொல்லிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். ஏன் என்று கேட்கக் கூடாது, சமாளிக்கக் கூடாது, மூட்டை கட்டிவிட வேண்டும். இன்னொரு நாள் முதல் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "செய்றவளுக்கு ஆச இருக்கும் சார். ஆச இருக்கவளுக்குக் கண்ணு அவிஞ்சிரும். அதுக்குத்தான் உங்கள வச்சிருக்கேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆபீசில் யாரும் என்னிடம் அப்படியோர் அதிகாரத்தைக் கொடுத்ததில்லை.

பிறகு பேட்டரிக்காகக் காத்திருந்தோம். முதல் பேட்டரி உப்பிவிட்டது. அந்த வகைப் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், சென்னையிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் தேதி மூன்று முறை மாறியது. நான் எரிச்சலில் கத்தினேன். அக்காவுக்குச் சிரிப்பு. "பறக்கதுக்கு வாங்குன சாமான் கடல்ல மிதந்துல்லா வருது" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னார். அந்த நாட்களில்தான் அவர் படி ஏறும்போது நடுவில் நிற்க ஆரம்பித்திருந்தார். நான் கவனித்தேன். வயசாகிறது என்று கேலி செய்தேன்.

கப்பல் வந்த வார ஞாயிற்றுக்கிழமை சௌல்தாரிக்குப் போனோம். நம் ஊரில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், காற்று எழ ஏழு ஆகும். அந்த இரண்டு மணி நேரம்தான் கணக்கு. வயலில் அறுத்த நெல் தாள் கால் வைத்தால் நொறுங்கியது. அக்கா விமானத்தைத் தரையில் வைத்தார். நான் நோட்டைப் பிரித்தேன். இறக்கை ரப்பர், ஆச்சு. ஈயக் குண்டு, ஆச்சு. ரிமோட் தூரம் பார்க்க நாற்பது அடி நடந்து போய் வந்தார். வந்தவர் விமானத்துக்கு முன்னாலேயே, வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. அந்த நேரத்தில் வியர்க்கிற வெயிலே இல்லை.

பதினாறாவது வரியைப் படித்தேன். இறக்கையின் பின்னோரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் உண்டு. அவற்றுக்கு அக்கா வைத்த பெயர் காது. ரிமோட்டில் வலது பக்கம் தள்ளினால் வலது காது தூக்க வேண்டும், இடது காது தாழ வேண்டும். மாறி இருந்தால் தரையை விட்ட அடுத்த நொடி விமானம் குப்புற விழும். அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில், "பின்னாடி நின்னு பாக்கணும்" என்று எழுதியிருந்தார். முன்னால் இருந்து பார்த்தால் விமானத்தின் வலது நமக்கு இடதாகத் தெரியும் அல்லவா? எனக்கு அதை எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவர், அன்றைக்கு எழுந்திருக்காமல் முன்னால் உட்கார்ந்தபடியே ரிமோட் குச்சியை வலது பக்கம் தள்ளினார். காது தப்பாகத் தூக்குவதாக நினைத்து, ரிமோட்டில் இருக்கும் சின்ன விசையை மாற்றிவிட்டு, மறுபடி தள்ளிப் பார்த்தார். "ஆச்சு" என்றார்.

நான் பின்னால் நின்றிருந்தேன். குச்சி வலது பக்கம் போனபோது வலது காது தாழ்ந்தது. "நில்லுங்க" என்றேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றினார், பிறகு ரிமோட்டை அணைத்தார். விசையைத் திருப்பி வைக்க ஒரு நொடிகூட ஆகாது. நான்தான் மனசு கேட்காமல், "மாத்திட்டுப் போயிரலாமேக்கா" என்றேன். "ஒரு தப்பு செஞ்சவ இன்னொண்ணும் செஞ்சிருப்பா. சொன்னா சொன்னதுதான். அடுத்த ஞாயிறு பாப்போம்" என்றார்.

பிறகு, அந்த வரப்பில் உட்கார்ந்தபடியே, டாக்டர் சொன்னதைச் சொன்னார். இருதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதாம். மெயின்லேண்டுக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். செவ்வாய்க்கிழமை சென்னைக்கு டிக்கெட் இருக்கிறது. "அத மாத்திப் போட்டுருங்க சார். உங்க மொபைல்ல வரும்லா. அனுமதி மாசக் கடைசியோட முடியுது. இத பறக்கவிட்டுட்டுப் போறேன். அவருகிட்ட சொல்லிராதீய. ஆஸ்பத்திரில தேதி தள்ளிட்டாங்கன்னு நான் சொல்லிக்கிடுதேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரிக்கா" என்றேன். அங்கேயே, நெல் தாளில் உட்கார்ந்து, சிக்னல் வருகிற பக்கம் திரும்பி, என் கையால் டிக்கெட்டைப் பதினாலு நாள் தள்ளிப் போட்டேன். ஒரு தெர்மாகோல் இறக்கையின் காது தாழ்ந்ததைப் பார்த்தவன், நாற்பது அடி நடந்துவிட்டு வியர்த்து உட்கார்ந்தவரைப் பார்க்கவில்லை. எழுந்து விமானத்துக்குப் பின்னால் வர அவரால் முடியவில்லை என்பதும், அந்தத் தப்பே அதனால்தான் வந்தது என்பதும் எனக்கு உறைக்கவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் என்றேனே, இதுதான் அது. அரை ஈயக் குண்டைத் தேய்த்துத் தேய்த்துச் சரிபார்த்தவர், தன் நெஞ்சு வலியை ஓரமாக வைத்துவிட்டார். ஆசைப்பட்டவளுக்குக் கண் அவிந்துவிடும் என்று சொன்னவரும் அவரேதான். அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார். நான் எதற்கு இருந்தேன்? டிக்கெட் மாற்றிக் கொடுக்கவா?

அடுத்த ஞாயிறு விடியும் முன்னே மழை பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த ஞாயிற்றுக்குத்தான் நான் வட்டம் போட்டிருந்தேன். நடுவில் வியாழக்கிழமை வந்துவிட்டது.

அடக்கத்தின்போது பலர் பெலிக்ஸிடம், முன்னமே தெரியாதா, எதுவும் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். "ஆஸ்பத்திரில தேதி தள்ளிட்டாங்க" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். யாரோ ஆஸ்பத்திரியைத் திட்டினார்கள். நான் மாலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் போன வீரன் நான்தான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் டாலிகஞ்சுக்குப் போய்ச் சொன்னேன். டிக்கெட்டை மாற்றியது நான் என்றேன். பெலிக்ஸ் அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "என்கிட்ட சொல்லிருக்கலாம் சார்" என்றார். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே உள்ளே போய், விமானத்தையும் நீல நோட்டையும் எடுத்து வந்தார். "அனுமதிய ஒரு மாசம் நீட்டிக்க முடியுமா? நீங்க படிங்க, நான் செய்றேன். அவ சொல்லிருக்கா எல்லாம்."

எனக்கும் அது வேண்டியிருந்தது. எதையாவது சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம் இல்லையா? மனு எழுதுகிறேன் என்றேன். அங்கேயே ஒருமுறை பழகிப் பார்க்கலாம் என்று நோட்டைப் பிரித்தேன். பங்கா கழற்றியாச்சு. ரிமோட், ஆச்சு. பேட்டரி, ஆச்சு. தரையில் உட்கார்ந்து அவர் செய்தார். அக்காவின் விரல்களைவிடத் தடித்த விரல்கள், ஆனாலும் பார்த்துப் பார்த்துச் செய்தார். பதினாறாவது வரி வந்தது. "பின்னாடி நின்னு பாக்கணும்" என்று படித்தேன். பெலிக்ஸ் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கையை ஊன்றி மறுபடி பார்த்தார். அப்போதுதான் அவர் வலது காலைப் பார்த்தேன். பாதத்தில் லுங்கித் துணி சுற்றியிருந்தது, துணியில் ஈரம் கசிந்திருந்தது.

"என்னது கால்ல?"

"பெட்டித் தகடு கிழிச்சிருச்சு, அவ போன வாரம். சுகர்ல்லா, ஆறல. டாக்டரு வரச் சொல்லிருக்காரு." குச்சியைப் பிடித்தபடி, தலை நிமிராமல் சொன்னார்: "இத பறக்கவிட்டுட்டுப் போறேன் சார்."

அதே வார்த்தை. புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் இதைத்தான் பேசிக்கொண்டார்களோ என்னவோ. எனக்கு வந்த கோபத்தில் நோட்டு கையிலிருந்து விழுந்தது.

"நில்லுங்க" என்றேன்.

அவர் வயலுக்கு வந்ததே இல்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அக்கா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்கவில்லை. பேட்டரியைக் கழற்றினார், பிறகு ரிமோட்டை அணைத்தார். சட்டையை எடுத்து மாட்டினார். செருப்பில் ஒரு கால் நுழையவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்க வைத்துக்கொண்டார்கள். ஒரு விரலில் பாதி போயிற்று, கால் தப்பிவிட்டது.

விமானம் இன்னும் பறக்கவில்லை. மூக்கில் பங்கா இல்லாமல் ஐஸ் பெட்டிகள்மேல் இருக்கிறது. பெலிக்ஸ் நடக்க ஆரம்பித்ததும் முதல் வரியிலிருந்து பார்ப்போம். நோட்டு அவரிடமே இருக்கட்டும், அது அவர் மனைவியின் கையெழுத்து. ரெஜினாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லை. எனக்கு என்று கொடுத்துவிட்டுப் போனது அது. இப்போதெல்லாம் ஆபீசிலும் வீட்டிலும் தயங்காமல் சொல்கிறேன், என்னைக் கண்டால் எரிச்சல்படுகிறார்கள். படட்டும். வரப்பில் வியர்த்து உட்கார்ந்திருந்தவரிடம் அதை இரண்டாவது முறை சொல்லியிருந்தால், அவர் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்.